200-500 ஜூமா, 300 பிரைமா? கழுத்து வலியோட ஒரு வாத்தியார் கேட்ட கேள்வி

கேள்வி: அண்ணே வணக்கம். பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன். நிக்கான் டி7500 கேமரா, கூட ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் வச்சு பறவை எடுத்துட்டு இருக்கேன். ஸ்கூலுக்கு முன்னாடி காலைல நயினார்குளம், லீவு நாள்ல கூந்தன்குளம், விஜயநாராயணம், எப்பவாச்சும் காரையாறு பக்கம், எல்லாம் பைக்லதான். எடுக்குற படம் முக்காவாசி 300லதான் நிக்கி, அதுக்கப்புறமும் வெட்டித்தான் போடுதேன். இப்ப கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. செகண்ட் ஹேண்ட்ல நிக்கான் 200-500 எஃப்5.6 ஒண்ணு கிடைக்கி, இன்னொரு இடத்துல ஜூம் ஆகாம 300லயே நிக்குற 300 எஃப்4 பிஎஃப் பிரைம் லென்ஸு, கூட தூரத்த 1.4 மடங்கு கூட்டுற டெலி கன்வர்டரும் சேத்து தாரேங்காங்க, அது கொஞ்சம் கூட வருது, சமாளிச்சிருவேன். கூட வர்ற பிரெண்டு பிரைம்தான் ஷார்ப்பு, ஜூம்லாம் சும்மாங்கான். இன்னொருத்தர் 500 இல்லாம பறவை எடுக்க வரவே கூடாதுங்காரு. எனக்கு கழுத்து எலும்பு தேய்மானம் வேற, டாக்டர் வெயிட் தூக்காதேன்னுட்டாரு. ஆனித் தேரோட்டமும் எடுக்கணும்னு ஆசை. எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, முதல்ல உங்க பிரெண்டு சொன்ன ஷார்ப்னெஸ் கதைய முடிச்சிடுவோம், ஏன்னா முக்காவாசி பேர் அதுலயே மாட்டிக்கிட்டு வேற எதையும் யோசிக்காம காச குடுத்துடுறாங்க. ஜூம்னா சாஃப்ட்டுங்கிற பேரு பழைய காலத்து லென்ஸால வந்தது, அப்ப அது உண்மையும்கூட. ஆனா 2015ல வந்த இந்த 200-500 அந்த ரகம் இல்ல, 500லயே லென்ஸோட வாய முழுசாத் திறந்து எஃப்5.6 வச்சு எடுத்தாலும் இறகு இறகா தெரியும். 300 பிஎஃப் அதவிட ஷார்ப்பா? ஆமா, தனியா வச்சுப் பாத்தா ஷார்ப்தான். ஆனா நீங்க அத தனியாவா வச்சிருக்கப் போறீங்க? குளத்துக்குப் போனா கன்வர்டர மாட்டித்தான் எடுக்கப் போறீங்க, மாட்டுனதும் அந்த பிரைமோட கூடுதல் ஷார்ப்னெஸ்ல ஒரு பங்க அது தின்னுடும். மிச்சம் இருக்கிற வித்தியாசத்த கம்ப்யூட்டர்ல நூறு பர்சென்ட் பெருசாக்கி ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தேடணும். அதனால ஷார்ப்னெஸ்ஸ கணக்குலேருந்தே எடுத்துடுங்க, ரெண்டுமே உங்களுக்குப் போதும்.

உங்க படம் எப்பவாச்சும் மங்கலா வந்தா அதுக்கு வேற காரணம் இருக்கும். கூந்தன்குளத்துல பதினோரு மணிக்கு மேல தண்ணிக்கு நடுவுல நிக்கிற வரித்தலை வாத்த எடுத்துப் பாருங்க, கானல் ஆடும், வாத்தோட கழுத்துப் பட்டை அப்படியே கரைஞ்ச மாதிரி வரும். அதுக்கு லட்ச ரூபா லென்ஸும் ஒண்ணுதான் இருபதாயிரம் லென்ஸும் ஒண்ணுதான், சொல்லப்போனா எவ்வளவு பெரிய லென்ஸோ அவ்வளவு தெளிவா கானலைக் காட்டும். அந்த நேரத்துல கேமராவ பைல வச்சுட்டு டீ குடிக்கப் போயிடணும்.

இப்ப இன்னொருத்தர் சொன்ன 500 விஷயம். இது கொஞ்சம் யோசிக்க வேண்டியது, அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. 300ல 1.4 கன்வர்டர் போட்டா 420. 420க்கும் 500க்கும் உள்ள வித்தியாசம் காதுல கேக்கும்போது பெருசா இருக்கும், ஆனா ஃபிரேம்ல பறவையோட உயரம் சுமாரா அஞ்சுல ஒரு பங்குதான் கூடும். வேற மாதிரி சொல்றேன், உங்க டி7500 20.9 மெகாபிக்சல். 420ல எடுத்த படத்த 500ல எடுத்த மாதிரி தெரியுற அளவுக்கு வெட்டுனா கையில கிட்டத்தட்ட 15 மெகாபிக்சல் மிச்சம் இருக்கும், அது ஏ3 சைஸ்ல பிரிண்ட் போடுற அளவுக்குக் காணும். இதே கன்வர்டர் இல்லாம வெறும் 300ல எடுத்து 500 அளவுக்கு வெட்டுனா மிச்சம் ஏழரைதான், இப்ப நீங்க தவிக்கிறது இந்த இடத்துலதான். அதனால 300 பிஎஃப் வாங்குனா கன்வர்டர் கட்டாயம், அது இல்லாம வாங்குறதா இருந்தா பேசாம இருக்கிற 70-300ஐயே வச்சுக்கலாம்.

கன்வர்டர 200-500லயும் மாட்டி 700 ஆக்கலாமேன்னு யாராவது சொல்வாங்க. மாட்டலாம், ஆனா எஃப்8 ஆயிடும், எஃப் நம்பர் கூடுனா உள்ள வர்ற வெளிச்சம் குறையும், உங்க டி7500ல எஃப்8க்கு நடுவுல இருக்கிற ஒரே ஒரு ஃபோகஸ் பாயின்ட்தான் ஒழுங்கா வேலை செய்யும், பறக்குறத பிடிக்க அது ஆகாது. 300 எஃப்4ல மாட்டுனா எஃப்5.6தான், 51 பாயின்ட்டும் வேலை செய்யும்.

சரி, தூரம் பத்தாதது மட்டும்தான் பிரச்சனையா? உங்க இடத்துல அப்படி இல்ல. கூந்தன்குளம் ரெண்டு விதமான இடம். குளத்துப் பக்கம் நின்னா எல்லாம் தூரம். ஊருக்குள்ள வந்தா மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்துல கூடு கட்டியிருக்கும், 1994ல சரணாலயம்னு அறிவிக்கிறதுக்கு முன்னாடியிலேருந்தே ஊர்க்காரங்க அதுங்கள பாத்துக்கிறாங்க, அதனால மனுசங்க கீழ நடமாடுறத அதுங்க கண்டுக்கிறதே இல்ல. பதினஞ்சு மீட்டர்ல ஒரு கூடு இருக்குன்னு வைங்க. உங்க கேமரா சென்சாருக்கு 500 எம்எம்ல அந்த தூரத்துல ஃபிரேம் எவ்வளவு அகலம் தெரியுமா, வெறும் 70 சென்டிமீட்டர். நாரை நின்னாலே ஒரு மீட்டர் கிட்ட வரும், றெக்கைய விரிச்சா ஒன்றரை மீட்டர். 420லயும் 84 சென்டிமீட்டர்தான். கன்வர்டரக் கழட்டி வெறும் 300 ஆக்குனா 117 சென்டிமீட்டர், கேமராவ நெட்டுக்குத் திருப்புனா நிக்கிற நாரை தலையிலேருந்து கால் வரைக்கும் சரியா உக்காரும், ஆனா குஞ்சுக்கு இரை கொண்டுவந்து றெக்கைய விரிச்சு இறங்குறப்ப வெட்டிடும். 200க்கு வந்தா 176, அதுல றெக்கை முழுசா வரும். பின்னாடி போய் எடுத்துக்கலாம்னு பாத்தா முதுகுல வீட்டுச் சுவரு இடிக்கும். ஜூமுக்கு ஒரு மார்க் போடணும்னா நான் இந்த இடத்துலதான் போடுவேன்.

பிரைம்காரங்க கால்தான் ஜூம்னு ஒரு வசனம் சொல்வாங்கல்ல, ஆளுங்கள எடுக்க அது சரி. பறவைகிட்ட ரெண்டடி முன்னாடி வச்சா அது பறந்துடும், கரையில நின்னா முன்னாடி சேறு, அதுக்கப்புறம் தண்ணி. அந்த வசனத்த நம்பி பிரைம் வாங்காதீங்க.

இதுவரைக்கும் படிச்சா நான் 200-500 பக்கம் சாயுற மாதிரி இருக்கும். இப்ப எடைக்கு வர்றேன்.

200-500 டிரைபாட்ல மாட்டுற காலரோட சேத்து 2300 கிராம். உங்க டி7500 பேட்டரியோட 720. ரெண்டும் சேந்தா மூணு கிலோவுக்கு மேல. 300 பிஎஃப் 755 கிராம், கன்வர்டர் 190, கேமராவோட சேத்தே 1665தான். பாதிக்கு கொஞ்சம் கூட. கடையில தூக்கிப் பாத்தா மூணு கிலோ ஒண்ணும் பெருசா தெரியாது, எல்லாரும் அங்கதான் ஏமாறுறாங்க. எடை தெரியுறது எப்பன்னா, ஒரு மீன்கொத்தி தண்ணிக்கு மேல ஒரே இடத்துல றெக்கை அடிச்சுக்கிட்டு நிக்கும் பாருங்க, அந்த கருப்பு வெள்ளை மீன்கொத்தி, அது எப்ப தலைகீழா பாயும்னு தெரியாது, கண்ண எடுக்க முடியாது, கேமராவ முகத்துலேருந்து இறக்க முடியாது. அரை நிமிசத்துல இடது கை ஆட ஆரம்பிக்கும், ஒரு நிமிசத்துல கை தானா கீழ வரும், அது வந்த அந்த நொடியிலதான் மீன்கொத்தி பாயும், எப்பவுமே அப்படித்தான். கையில பிடிச்சு எடுக்குறவங்களுக்கு லென்ஸோட நிஜமான தகுதி எவ்வளவு நேரம் அத கண்ணுக்கு நேரா பிடிச்சிருக்க முடியுங்கிறதுதான். வைப்ரேஷன் ரிடக்‌ஷன் கை நடுக்கத்த சரி பண்ணும், கை வலிய சரி பண்ணாது.

அதுல உங்களுக்கு கழுத்துத் தேய்மானம். கேமரா கம்பெனி குடுக்குற கழுத்துப் பட்டையில மூணு கிலோவ தொங்கவிட்டுக்கிட்டு குளத்துக் கரையில ரெண்டு மணி நேரம் நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தோள்ல குறுக்க போடுற பெல்ட் போடலாம், மோனோபாட்னு ஒத்தக்கால் ஸ்டாண்டு வச்சுக்கலாம், ஆனா பைக்ல போற ஆளு, காலைல ஸ்கூலுக்கு முன்னாடி கிடைக்கிற ஒரு மணி நேரத்துல மோனோபாட விரிச்சு மடக்கிக்கிட்டு இருப்பீங்களா? நாலு நாள் செய்வீங்க. அஞ்சாவது நாள் லென்ஸ் பீரோவுல இருக்கும், பீரோவுல இருந்தா ஃபங்கஸ் பிடிக்கும்.

கார்ல போறவங்க, ஜன்னல்ல பீன் பேக் வச்சு எடுக்குறவங்க, மறைவுல ஸ்டூல் போட்டு டிரைபாட்ல உக்காந்திருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் கண்ண மூடிக்கிட்டு 200-500 வாங்குங்கன்னு சொல்லிடுவேன். அந்தக் காசுக்கு அவ்வளவு நீளம், அதுவும் கடைசி வரைக்கும் எஃப்5.6, வேற எதுலயும் கிடைக்கிறது கஷ்டம். லென்ஸ் மேல குத்தமே இல்ல, நீங்க படம் எடுக்குற விதத்துக்கு அது ஒத்து வராது, அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு வருவோம், நயினார்குளத்துல நீங்க நிக்கிற நேரம் பெரும்பாலும் சூரியன் மேல வர்றதுக்கு முன்னாடியும் வந்த கையோடயும்தான். உங்க 70-300, 300க்குப் போனா எஃப்6.3 ஆயிடும். அதுல ஐஎஸ்ஓ, அதான் சென்சாரோட வெளிச்ச உணர்வு, 3200 வச்சு எடுக்குற அதே காட்சிய, அதே ஷட்டர் ஸ்பீடுல, எஃப்5.6ல 2500ல எடுக்கலாம், எஃப்4ல 1250 போதும். அதாவது 200-500க்கு மாறுனா வெளிச்சத்துல உங்களுக்கு பெரிய லாபம் ஒண்ணும் இல்ல, 300 எஃப்4ல கன்வர்டரக் கழட்டிட்டா இருக்கு. காரையாறு பக்கம் மரத்தடி இருட்டுல சீகாரப் பூங்குருவி பாறை மேல வந்து உக்காரும்போது இந்த வித்தியாசம் தெரியும், கருநீல உடம்பு, பின்னாடி ஈரப்பாறை, ஐஎஸ்ஓ ஏறுனா அந்த நீலமே செத்துப்போகும். காட்டுக்குள்ள பறவையும் கிட்டத்துலதான் வரும், 300 போதும். இருவாச்சி தலைக்கு மேல போச்சுன்னா அதுக்கும் 300தான் சுகம், அவ்வளவு பெரிய பறவைய கிளை சந்துல 500 வச்சுத் தேடுனா வெறும் இலைதான் தெரியும்.

பறக்குறத எடுக்க ஜூம்தான் வசதி, 200ல பறவையப் பிடிச்சு அப்புறம் 500க்கு இழுத்துக்கலாம்னு சொல்வாங்க. ஏட்டுல சரி. இந்த லென்ஸ்ல ஜூம் வளையத்த 200லேருந்து 500 வரைக்கும் ரொம்ப தூரம் சுத்தணும், ஒரே திருப்புல போகாது, கைய மாத்திப் பிடிக்கணும், அதுக்குள்ள கொக்கு அடுத்த குளத்துக்குப் போயிருக்கும். 300 பிஎஃப் ஃபோகஸும் இதவிட வேகமா ஓடும், சின்ன லென்ஸா இருக்கிறதால பறவை வர்ற பக்கம் சட்டுனு திருப்பலாம். கொஞ்ச நாள் ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு பழகுங்க, ஒரு கண்ணு வியூஃபைண்டர்ல, இன்னொண்ணு வானத்துல, 420ல பறவையத் தேடுறது அப்புறம் ஒரு வேலையாவே இருக்காது. ஷட்டர் ஸ்பீட மட்டும் 1/2000க்கு கீழ விடாதீங்க, நாரை மாதிரி நிதானமா அடிக்கிறதுக்கு வேணும்னா 1/1250 வரைக்கும் இறங்கலாம்.

நீங்க கேக்காத ஒண்ணு. 300 பிஎஃப் 1.4 மீட்டர் கிட்டக்க போய் ஃபோகஸ் ஆகும், கன்வர்டர் போட்டாலும் அதே தூரம்தான். கரையோரப் புல்லு நுனியில உக்காந்திருக்கிற தும்பிய கன்வர்டரோட எடுத்துப் பாருங்க, றெக்கையில ஓடுற நரம்பு வலை மொத்தமும் வரும், தனியா மேக்ரோ லென்ஸ் வாங்குற நினைப்பு கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போகும். 200-500க்கு 2.2 மீட்டர், அதுவும் ஒண்ணும் மோசமில்ல, ஆனா அந்த எடைய வச்சுக்கிட்டு குத்தவச்சு உக்காந்து தும்பி எடுக்குறது இருக்கே.

பிஎஃப்ல ஒரு குறையும் இருக்கு, சொல்லிடணும். உள்ள இருக்கிற ஃபேஸ் ஃபிரெனல் கண்ணாடியாலதான் லென்ஸ் இவ்வளவு சின்னதாச்சு, ஆனா சூரியன் ஃபிரேமுக்குள்ளயோ ஓரத்துலயோ நேரா அடிச்சா வளையம் வளையமா ஒரு விசித்திரமான ஃபிளேர் வரும். தண்ணியில சூரியன் உதிக்கிறப்ப முன்னால கொக்கு நிக்கிற மாதிரி எடுக்குறது உங்களுக்குப் பிடிக்கும்னா அத உங்க 70-300லயே எடுத்துக்கோங்க.

அந்த 70-300தான் என் முடிவுக்கே காரணம். அத வித்துடாதீங்க. 415 கிராம் லென்ஸு, வித்தா கையில பெருசா ஒண்ணும் வராது. தேரோட்டத்துக்கு நீங்க வாங்கப் பாக்குற ரெண்டு லென்ஸுமே ஆகாது, ரத வீதியில அந்தக் கூட்டத்துல நிக்கிறப்ப வடம் பிடிக்கிற ஆளுங்க உங்க மேலயே வந்து மோதுவாங்க, 300க்கு அங்க என்ன வேலை? 18-55 ஏதாவது இருந்தா அது தேருக்கு, தூரத்துல மாடியில நின்னு முகம் முகமா எடுக்க 70-300. கூந்தன்குளம் ஊருக்குள்ள றெக்கை விரிக்கிற படத்துக்கும் அதே 70-300ஐ 150, 200ல வச்சு எடுங்க, அங்க வெயில் நல்லா இருக்கும், எஃப்6.3 ஒரு பிரச்சனையே இல்ல. ஆக ஜூம் வசதி உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. 200-500 வாங்குனா 200லேருந்து 300 வரைக்கும் ரெண்டு லென்ஸும் ஒரே வேலையச் செய்யும், பிஎஃப் வாங்குனா உங்ககிட்ட இல்லாத மூணு விஷயம் வரும், எஃப்4 வெளிச்சம், 420 தூரம், வேகமான ஃபோகஸ். எடை ஒரு கிலோவுக்கும் கீழ.

அதனால 300 பிஎஃப், கூட 1.4 கன்வர்டர். வரித்தலை வாத்து படத்துல 500 வச்சிருக்கிறவர் உங்கள ஜெயிப்பார், ஜெயிச்சுட்டுப் போகட்டும்.

காசு விஷயத்துல இன்னும் ஒரு வருசம் பொறுக்க முடியும்னா 500 எஃப்5.6 பிஎஃப்னு ஒண்ணு இருக்கு, 2018ல வந்தது, 1460 கிராம்தான், பறவை எடுக்குறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஆனா செகண்ட் ஹேண்ட்லயே உங்க பட்ஜெட்ட ரொம்பத் தாண்டிடும், கழுத்துக்கும் 300தான் நல்லது, கடன் வாங்கி அத வாங்காதீங்க. நாளைக்கு நிக்கான் மிரர்லெஸ் பாடிக்கு மாறுனாலும் இந்த 300 பிஎஃப்பும் கன்வர்டரும் பழைய லென்ஸ மாட்டுற எஃப்டிஇசட் அடாப்டர்ல ஆட்டோஃபோகஸோட வேலை செய்யும், காசு வீணாகாது.

வாங்கப் போகும்போது உங்க கேமராவ எடுத்துட்டுப் போங்க, அவங்க கேமராவுல போட்டுக் காட்டுறத நம்பாதீங்க. ரெண்டு பக்கம் மூடியையும் கழட்டிட்டு பின்னாலேருந்து செல்போன் டார்ச்ச சாய்வா அடிச்சு முன்னால பாருங்க, சிலந்தி வலை மாதிரி கோடு கோடா இருந்தா ஃபங்கஸ், எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் வேண்டாம். ரெண்டு மூணு தூசி இருக்கிறதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஷட்டர அரைவாசி அழுத்துனா கை நடுக்கத்த அடக்குற விஆர் மெல்லிசா ஒரு சத்தத்தோட முழிக்கணும், வியூஃபைண்டர்ல காட்சி நங்கூரம் போட்ட மாதிரி நிக்கணும், துள்ளக் கூடாது. எதிர்க்கடை போர்டுல இருக்கிற சின்ன எழுத்த எஃப்4ல நாலஞ்சு தடவ, ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ கலைச்சுட்டு மறுபடி பிடிச்சு எடுங்க, அப்புறம் கன்வர்டர மாட்டி அதே போர்ட எஃப்5.6ல. எல்லாமே ஒரே மாதிரி கொஞ்சம் முன்னாலயோ பின்னாலயோ ஃபோகஸ் விழுதுன்னா கவலை இல்ல, டி7500ல ஏஎஃப் ஃபைன் டியூன் இருக்கு, சரி பண்ணிக்கலாம், பிரைம்ல இது சுலபம், ஜூம்ல 200க்கு சரி பண்ணா 500க்கு கெடும். ஒண்ணு ஷார்ப் ஒண்ணு மங்கல்னு மாத்தி மாத்தி வந்தா அந்த லென்ஸ விட்டுடுங்க. டிரைபாட் காலர் கூட வராது, அது தனியா விக்கிறது, உங்களுக்குத் தேவையும் இல்ல.

கன்வர்டர குளத்துக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே மாட்டிடுங்க, காரையாறு போற அன்னிக்கு வீட்லயே கழட்டிடுங்க. பைக்க ஓரங்கட்டி காத்துல நின்னு மாத்துனா நம்ம ஊரு செம்மண்ணு நேரா சென்சார்லதான் போய் உக்காரும்.